மறைந்த ஒலியைக் கண்ட மாணவர்: பேர்டினண்ட் டி சசூர்

பல்கலைக்கழகத்திலே பண்டைய மொழிகளைக் கற்று என்ன பயன் என்ற கேள்வி எம்மிடையே அடிக்கடி எழுகின்றது. தொழில் வாய்ப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் வரலாற்று மொழியியலையும் ஒப்பியல் மொழியியலையும் வீண் சுமையென்றே கருதுவர். இத்துறையிலே மாணவராக நுழைந்து, 21 வயதிலேயே அழியாத சாதனை புரிந்த ஒருவரின் வாழ்வை இத்தருணத்தில் நாம் நினைவுகூருவது பொருத்தமானது.

பேர்டினண்ட் டி சசூர் 1857ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். அவரது குடும்பம் விஞ்ஞானிகளின் குடும்பம். தந்தையார் பூச்சியியல் அறிஞர். பூட்டனார் 1787இல் மோன்ட் பிளாங்க் மலையுச்சியை அடைந்து ஆய்வுகள் நடத்திய புகழ்பெற்ற இயற்கை விஞ்ஞானி. இளைஞர் சசூரும் 1875இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனமும் பௌதிகமும் கற்கவே சேர்ந்தார். ஆனால் அவரது உள்ளம் மொழிகளையே நாடியது. ஓராண்டு கழிந்ததும் அவர் ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ஒப்பியல் மொழியியலின் தலைநகராக அக்காலத்தில் விளங்கியது அப்பல்கலைக்கழகமே.

இத்துறையின் அடிப்படையை எமது மொழியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். தமிழில் பால், புலி, பல் என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு என வழங்குகின்றன. தமிழின் பகரம் நிற்குமிடத்தில் கன்னடத்தில் ஹகரம் ஒழுங்காக வருகின்றது. அரபியில் ஸலாம் என்பது எபிரேய மொழியில் ஷாலோம் ஆகின்றது. இத்தகைய ஒழுங்குகளைத் திரட்டி, மொழிகள் பிரிவதற்கு முன்னர் நிலவிய மூலமொழி எவ்வாறு இருந்திருக்கும் என உய்த்துணர்வதே ஒப்பியல் மொழியியலாளரின் பணியாகும். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் முதலானவற்றின் மூலமொழியை இவ்வாறு மீட்டெடுப்பதில் லைப்சிக் அறிஞர்கள் முனைந்திருந்தனர்.

அங்கு சென்றதுமே சசூருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. மூலமொழியில் மெல்லின ஒலி உயிரொலியைப் போல் நின்று அசை அமைத்தது என்ற கருத்தை புறூக்மன் என்ற அறிஞர் 1876இல் வெளியிட்டிருந்தார். அதனை ஒரு மகத்தான கண்டுபிடிப்பென அறிஞர் உலகம் கொண்டாடியது. கிரேக்கச் சொல்லொன்றைக் கொண்டு இதே உண்மையைப் பாடசாலை நாட்களிலேயே தாம் உணர்ந்திருந்தும், யாவரும் அறிந்த விடயமென எண்ணி சசூர் அதனை வெளியிடாதிருந்து விட்டார்.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. மூலமொழியின் உயிரொலிகளைப் பற்றிய தமது ஆய்வு நூலை 1878ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டார். அப்போது அவர் பட்டம் பெறாத ஒரு மாணவரே. நெடில் ஒலிகள் பல, உண்மையில் குறிலும் பின்னர் மறைந்துபோன வேறோர் ஒலியும் சேர்ந்து உருவானவை என்பதே அந்நூலின் துணிபு. அம்மறைந்த ஒலி எந்தவொரு மொழியிலும் எஞ்சியிருப்பதாக அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை. சொற்களின் ஒழுங்கமைப்பை மாத்திரமே சான்றாகக் கொண்டு அவர் இம்முடிவுக்கு வந்தார்.

ஜேர்மனிய அறிஞர்கள் பலர் இதனைப் புறக்கணித்தனர். டென்மார்க் அறிஞர் ஹெர்மன் மொல்லர் மாத்திரம், மறைந்த அவ்வொலிகள் அரபு முதலான செமித்திய மொழிகளில் உள்ள தொண்டை ஒலிகளைப் போன்றவையாக இருக்கலாம் என எண்ணி அதனை மேலும் வளர்த்தார்.

சசூர் 1880இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1881 முதல் பத்து ஆண்டுகள் பாரிஸில் ஆசிரியப் பணியாற்றி, அந்துவான் மெய்யே போன்ற பெரும் அறிஞர்களை உருவாக்கினார். 1891இல் தாயகம் திரும்பி, ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் வடமொழியும் ஒப்பியல் மொழியியலும் கற்பித்தார். இதன் பின்னர் அவர் வெளியிட்டவை மிகச் சிலவே. துறையின் கலைச்சொற்களும் அடிப்படைக் கருத்துகளும் தெளிவற்றவை என்ற மனக்குறை அவரை எழுதவிடாது தடுத்தது. 1907 முதல் 1911 வரை பொது மொழியியல் குறித்து மூன்று தடவைகள் விரிவுரைத் தொடர் நிகழ்த்தினார். கேட்டவர்கள் ஒரு சிறு தொகை மாணவரே. 1913ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி, தமது 55ஆவது வயதில் அவர் காலமானார்.

அவரது விரிவுரைகளை நூலாக்க விரும்பிய சக அறிஞர்களான பலியும் செஷஹேயும் அவரது ஏடுகளைத் தேடியபோது, விரிவுரைகளுக்குரிய குறிப்புகள் எதுவும் பெரிதாக அகப்படவில்லை. மாணவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளே கைகொடுத்தன. அவற்றை ஒப்பிட்டுத் தொகுத்து 1916இல் வெளியிடப்பட்ட நூலே நவீன மொழியியலின் அடித்தளமாயிற்று. அவரது கையெழுத்துப் பிரதிகள் பல, 1996இல் ஜெனீவாவிலுள்ள குடும்ப இல்லத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டன.

மறைந்த ஒலியின் கதையும் அவருடன் முடிந்துவிடவில்லை. துருக்கியில் 1906இலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் ஏடுகளின் மொழியான ஹிட்டைட், வடமொழிக்கும் கிரேக்கத்திற்கும் உறவானது என்பதை செக் அறிஞர் ஹ்ரோஸ்னி 1915இல் கண்டறிந்தார். சசூர் ஊகித்த இடங்களில் அம்மொழியில் ஹகரத்தை ஒத்த ஓர் ஒலி இருப்பதை போலந்து அறிஞர் குரிலோவிச் 1927இல் நிறுவினார். பூபாலன் என்ற பெயரிலுள்ள காத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேர் 'பா' என நெடிலாக உள்ளது. ஹிட்டைட் மொழியில் அதே பொருளுடைய வினை 'பஹ்ஸ்' என அந்த ஒலியுடனேயே காணப்படுகின்றது. மாணவர் சசூரின் ஊகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் மெய்யாயிற்று. அதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை.

இவ்வாழ்வு எமக்கு உணர்த்துபவை இரண்டு. முதலாவது, அறிவின் பயனை உடனடி இலாபத்தால் அளந்துவிட முடியாது என்பதாகும். பயனற்றதெனப் பல்கலைக்கழகங்கள் இத்துறைகளைக் கைவிட்டால், களிமண் ஏடு கையில் கிடைத்தாலும் அதனை வாசித்துப் பொருளுணர ஆளிருக்காது. இரண்டாவது, பதிவு செய்யப்படாத அறிவு ஆசிரியரோடு மறைந்துவிடும் என்பதாகும். சசூரைக் காத்தவை சில மாணவரின் குறிப்பேடுகளே.

எமது நாட்டிலும் ஆராயப்பட வேண்டியவை ஏராளம். கிராமத்து முதியோரின் பேச்சு வழக்குகள், கல்வெட்டுகள், முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் பேணிய அரபுத் தமிழ் ஏடுகள் என்பன தமிழின் வரலாற்றுக்குரிய சான்றுகளாகும். ஓர் எழுத்துப் பிழையெனத் தோன்றுவதுகூட அக்கால உச்சரிப்பைக் காட்டும் சான்றாக அமையலாம். மூதாட்டி ஒருவர் மறையும்போது அவர் மட்டுமே அறிந்திருந்த சொற்களும் மறைகின்றன. அவற்றைக் குறித்து வைக்கும் மாணவர்களையும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் ஊக்குவிப்பது தமிழ் பேசும் மக்கள் அனைவரதும் கடமையாகும்.