வாயிற்காவலரின் மகன்

என் வாப்பா நாவலப்பிட்டியில் ஓர் அச்சகத்தில் கடதாசி வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்கிறார். புத்தகங்களின் ஓரங்களை வெட்டும்போது விழும் நீண்ட கீலங்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ரப்பர் பட்டி போட்டுக் கட்டி, பஸ்ஸில் கொத்மலைக்குக் கொண்டு வருவார். நான் அரபு எழுத்தணி பழகுவது அந்தக் கீலங்களில்தான். எங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் அதற்கான பேனை கிடையாது. ஓடைக்கரையில் வளரும் மெல்லிய மூங்கிலைக் காயவைத்து நானே முனை வெட்டுவேன். பத்து வெட்டினால் ஒன்பது பிளந்து போகும். குப்பி விளக்கின் கரியைப் பிசினில் குழைத்தால் மை. மழை மாதங்களில் கடதாசி ஈரம் குடித்து, அலிப் ஒன்று எழுதினால் அது கம்பளிப்பூச்சி போல மயிர் முளைத்து நிற்கும்.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சிக்கு மற்றப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வரவழைத்த பேனைகளோடும் பளபளக்கும் தாள்களோடும் வந்திருந்தார்கள். நான் என் கீலங்களைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, இனி உயர்தரப் படிப்பை மட்டும் பார்க்கிறேன் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மாவுக்குச் சந்தோஷம்தான். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமும் ஒரு கட்டுக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

இப்னுல் பவ்வாபின் வரலாற்றை நான் வாசித்தது அந்த நாட்களில்தான்.

அவருடைய சொந்தப் பெயர் அலி இப்னு ஹிலால். பவ்வாப் என்றால் வாயிற்காவலர். தகப்பனார் பார்த்த வேலையே மகனுக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. பக்தாதில் வாழ்ந்த அவர் முதலில் செய்தது வீடுகளுக்கு வர்ணம் பூசி அலங்கரிக்கும் வேலை. பிறகு நூல்களுக்குச் சித்திர வேலை செய்தார். அதன் பின்னரே எழுத்துக்கு வந்தார். அல்குர்ஆனை மனனம் செய்தவர். பக்தாதின் மன்சூர் பள்ளிவாசலில் உபதேசமும் செய்திருக்கிறார்.

அவருக்கு முன்பே பக்தாதில் இப்னு முக்லா என்ற பெரும் எழுத்தணிக் கலைஞர் வாழ்ந்தார். மூன்று அப்பாஸிய கலீபாக்களுக்கு அமைச்சராக இருந்தவர். அரசியல் பகையால் வலக்கை வெட்டப்பட்டு, 940ஆம் ஆண்டு சிறையில் இறந்தார். பேனை முனையை ஒரு முறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியை அலகாக வைத்து ஒவ்வோர் எழுத்தையும் அளக்கும் முறை அவருடையது என்று சொல்லப்படுகிறது. இன்று நாங்களும் புள்ளி வைத்துத்தான் அலிப்பின் உயரத்தை அளக்கிறோம். அந்த அளவு மாறாமல் எழுத்துக்கு நளினத்தைக் கொடுத்தவர் இப்னுல் பவ்வாப். அவர் படித்தது இப்னு முக்லாவின் மாணவர்களிடம்.

ஷீராஸ் நகரில் அமீர் பஹாஉத் தௌலாவின் நூலகத்துக்கு அவர் பொறுப்பாக இருந்தபோது நடந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இப்னு முக்லா தம் கையால் எழுதிய அல்குர்ஆன் ஜுஸ்உ ஒன்று அங்கே நூல்களுக்கிடையில் கிடந்தது. தேடத் தேட ஒவ்வொன்றாக இருபத்தொன்பது ஜுஸ்உகள் சேர்ந்தன. ஒன்றை மட்டும் காணவில்லை. அதைத் தாமே எழுதி நிறைவு செய்வதாக அவர் அமீரிடம் சொன்னார். எது புதியது என்று அமீரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஓர் அங்கியும் 100 தீனாரும் பரிசு என்று பேச்சாயிற்று.

அவர் உடனே எழுத உட்காரவில்லை. நூலகத்திலிருந்த பழைய கடதாசிகளைப் புரட்டி, அந்த ஜுஸ்உகளின் தாளுக்கு ஒத்த தாளைத் தேடி எடுத்தார். எழுதி முடித்துத் தங்க வேலை செய்து, அதற்கும் பழைய தோற்றம் கொடுத்தார். ஒரு பழைய ஜுஸ்உவின் அட்டையைக் கழற்றிப் புதியதற்குப் போட்டார். அட்டை இழந்த பழையதற்குப் புதிய அட்டை செய்து, அதையும் பழையதாக்கினார். ஓர் ஆண்டு கழித்து அமீர் முப்பதையும் புரட்டிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் முழுவதும் இப்னு முக்லாவினுடையது என்றே இருக்கட்டும், வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியவர் இவர், பெயர் இன்னொருவருக்கா?

அங்கியும் வரவில்லை, தீனாரும் வரவில்லை. அமீர் நாளைக் கடத்திக்கொண்டே போனார். கடைசியில் இப்னுல் பவ்வாப் வேறொன்றைக் கேட்டார். நூலகத்தில் வெள்ளைச் சீனக் கடதாசி இருந்தது, சில முழுத் தாள்கள், சில வெட்டியவை. முழுத் தாள் வேண்டாம், வெட்டிய துண்டுகளை மட்டும் தந்தால் போதும் என்றார். அமீர் தலையசைத்தார். அத்தனை துண்டுகளையும் அள்ளிக்கொண்டு போய்ப் பல ஆண்டுகள் அவற்றில் எழுதினார்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பேனையும் மையும் பற்றி அவர் ஒரு கவிதையும் இயற்றியிருக்கிறார். விளக்குக் கரியோடு காடியோ காய் திராட்சைச் சாறோ சேர்த்து, காவிக்கல்லும் கற்பூரமும் கலந்து மை செய்யச் சொல்கிறார். ஆரம்பத்தில் எழுத்து கோணலாக வந்தால் வெட்கப்படவேண்டாம் என்கிறார். ஆனால் பேனை முனை வெட்டும் இரகசியத்தை மட்டும் சொல்லமாட்டாராம். ஒன்பது மூங்கில் பிளந்த கோபத்தில் இருந்த எனக்கு இது சிரிப்பை வரவழைத்தது.

அவர் அல்குர்ஆனை 64 முறை எழுதியதாகச் சொல்வார்கள். ஹிஜ்ரி 391இல் பக்தாதில் எழுதிய சிறிய பிரதி ஒன்று இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. 286 ஏடுகள், நஸ்க் எழுத்து. கிட்டத்தட்ட நமது அப்பியாசக் கொப்பி அளவுதான்.

1022இல் பக்தாதில் காலமாகி, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலின் அடக்கத்தலத்தருகே அடக்கப்பட்டார். உயிரோடிருந்தபோது அவருடைய நீண்ட தாடியைக் கேலி செய்து பாட்டுக் கட்டியவர்களும் உண்டு. மரணத்தின் பின் கதை மாறியது. இரண்டு தீனார்கூடப் பெறாத ஓர் உதவியைக் கேட்டு அவர் ஒருவருக்கு எழுதிய, சுமார் எழுபது வரிக் கடிதம் 17 தீனாருக்கும், பின்னர் 25 தீனாருக்கும் விலைபோனது.

அவர் பாணியைப் பெண்களும் பின்பற்றினார்கள். பாத்திமா பின்த் அல்ஹசன், பின்த் அல்அக்ரஃ என்று அறியப்பட்டவர், அந்த எழுத்தில் தேர்ந்தவர். பைசாந்திய அரசருக்குக் கலீபாவின் அரசவையிலிருந்து சென்ற உடன்படிக்கைக் கடிதத்தை எழுத அவரையே தெரிவு செய்தார்கள். 1087இல் காலமானார். ஹதீஸ் அறிஞர் ஷுஹ்தா, எழுத்தாளர் என்று பொருள்படும் அல்காதிபா என்றே அழைக்கப்பட்டார்.

இப்போது கீலங்களைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைக்கிறேன். முட்டை வெள்ளையும் படிகாரமும் பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்தால் மை ஊறுவதில்லை. வாப்பா கொண்டு வரும் தேயிலைத் தூளில் பாதி இப்படிப் போகிறதென்று உம்மா முணுமுணுக்கிறார். நேற்றைய கட்டில் கிறீம் நிறக் கீலங்கள் இருந்தன. அவற்றுக்குச் சாயமே தேவைப்படாது.