ஊருக்கு உணவு வகுத்த குமரப்பா

சென்ற கோடையில் எங்கள் தோட்டத்துத் தக்காளியை எருக்குழியில் கொட்டினோம். பறிகூலிக்குக்கூட விலை கட்டவில்லை. அதே வாரம் அப்பா கடையில் துவரம் பருப்பு வாங்கி வந்தார். தாத்தா காலத்தில் வரப்போரம் விளைந்த துவரையே வீட்டுக்குப் போதுமானதாக இருந்ததாம். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணற்றடி நிலத்தில் எது விளைய வேண்டும் என்று முடிவு செய்வது யார்? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் புரட்டியபோதுதான் ஜே. சி. குமரப்பாவின் வாழ்க்கை என் கைக்கு வந்தது.

1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சையில் பிறந்தவர். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் கற்றார். ஆங்கில ஆட்சி இந்தியரின் வரிப்பணத்தை எப்படிச் செலவிடுகிறது என்று ஆராயப் புகுந்தவர், 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அவரைக் குஜராத்தின் மாதர் வட்டத்துக்கு அனுப்பினார். மேல்நாட்டு உடையில் மிடுக்காக வாழ்ந்த அந்தத் தணிக்கையாளர், மாணவர்களுடன் சேர்ந்து உழவர் வீடுகளின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார். வார்தாவில் கைக்குத்தல் அரிசிக்கும் செக்கெண்ணெய்க்கும் பாடுபட்டார்.

என்னைக் கவர்ந்தது அவர் சிறையில் எழுதிய நூலில் உள்ள ஒரு திட்டம். ஒரு லட்சம் மக்கள் வாழும் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறார். தலைக்கு நாளொன்றுக்கு 16 அவுன்ஸ் தானியம், அதனுடன் பருப்பு, வெல்லம், எண்ணெய், பால், காய், கனி, உடுக்கப் பருத்தி. இவற்றுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார். தணிக்கையாளர் அல்லவா! உள்ளூர்த் தேவை போக மிஞ்சியதுதான் வெளியே போகலாம். மலபாரில் நெல்வயல்கள் சோப்பு ஆலைக்காகத் தென்னந்தோப்புகளாக மாறியதை அவர் கண்டித்தார். புகையிலைக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இருந்து படிக்கும்போது அது சற்றுச் சுடத்தான் செய்கிறது.

விளைச்சலைச் சேமிப்பதும் பகிர்வதும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பு. இன்ன நிலத்தில் இன்ன பயிர் என்பதற்கு உரிமச் சீட்டும் வேண்டும் என்றார். இதை அப்பாவிடம் சொன்னேன். என் காட்டில் விதைக்க நான் எவனிடம் சீட்டு வாங்குவது என்று சீறினார். அவர் கோபம் நியாயமானதே. சீட்டுக் கொடுப்பவர் ஊராருக்குக் கட்டுப்பட்டவராக இல்லாவிட்டால் இத்திட்டம் இன்னொரு தாலுகா அலுவலகமாகிவிடும். ஆனால் இன்று எங்கள் நிலத்தில் விதைப்பதைத் தீர்மானிப்பது அப்பாவும் அல்லர். போன ஆண்டுத் தக்காளி விலை.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். உழுபவனுக்கே நிலம், நிலவுடைமைக்கு உச்சவரம்பு என்று 1949இல் அக்குழு பரிந்துரைத்தது. இறுதி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். தம் குருவுக்கும் குரு என்று ஓர் ஏழை உழவனின் படத்தை வருவோருக்குக் காட்டுவாராம். 1960 ஜனவரி 30, அண்ணல் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார்.