சூட்டை அளந்த லூயி பாஸ்டர்

பிரான்சு நாட்டின் வடக்கே லில் என்ற தொழில் நகரம் இருக்கிறது. 1856-ம் ஆண்டு அந்த ஊர் ஆலை முதலாளி ஒருவருக்குப் பெரிய கஷ்டம் வந்தது. அவர் பெயர் பீகோ. பீட்ரூட் சாற்றைத் தொட்டிகளில் புளிக்க வைத்துச் சாராயம் எடுப்பது அவர் தொழில். சில தொட்டிகளில் நல்ல சாராயம் கிடைத்தது. சில தொட்டிகளில் சாறு கெட்டுப்போய் நாற்றம் அடித்தது. காரணம் தெரியவில்லை. பணம் தண்ணீராய்ப் போயிற்று.

பீகோவின் மகன் கல்லூரியில் படித்து வந்தான். அவனுடைய பேராசிரியரிடம் போய்த் தன் கஷ்டத்தைச் சொன்னார் முதலாளி.

அந்தப் பேராசிரியர்தான் லூயி பாஸ்டர். வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு மருந்து தந்தவர் என்று உலகமே அவரை அறியும். அந்தப் புகழ் வந்தது 1885-ல். பீகோ வந்த போது அவருக்கு வயது 33. சாராயத் தொழில் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வர மறுக்கவில்லை.

தோல் தொழிலாளியின் மகன்

பாஸ்டர் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, டோல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நெப்போலியன் படையில் போர் வீரராக இருந்தவர். பிறகு தோல் பதனிட்டுப் பிழைத்தார். சிறுவன் லூயி நன்றாகப் படம் வரைவான். ஓவியனாகி விடுவான் என்றுகூட ஊரார் நினைத்தார்கள். அவனோ பாரிசு சென்று ரசாயனம் படித்தான். 1849-ல் மாரி என்ற பெண்ணை மணந்தார் பாஸ்டர். கணவர் சொல்லச் சொல்ல, அவர் ஆராய்ச்சிகளைக் கையால் எழுதிக் கொடுத்தவர் அந்த அம்மையார்.

பீகோவின் ஆலைக்குப் பாஸ்டர் நாள்தோறும் போனார். தொட்டிச் சாற்றில் ஒரு சொட்டு எடுத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாகச் சிறு உருவங்கள் இருந்தன. அவைதான் ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் இதுவே. கெட்ட தொட்டியில் குச்சி போன்ற வேறு உருவங்கள் நெளிந்தன.

புளிப்பது வெறும் ரசாயன மாற்றம், ஈஸ்ட் செத்து அழுகுவதால் நடப்பது என்று அக்காலப் பெரிய மேதை லீபிக் சொல்லி வந்தார். பாஸ்டர் அதை மறுத்தார். ஈஸ்ட் ஓர் உயிர். அது சர்க்கரையைத் தின்று வளர்கிறது. சாராயமும் வாயுவும் அப்போது உண்டாகின்றன. குச்சிக் கிருமி புகுந்தால் சாறு கெடுகிறது. இதை அவர் சோதனை செய்து காட்டினார்.

ஒயினுக்கு வந்த நோய்

பிரான்சில் ஒயின் செய்வது பெரிய தொழில். பல லட்சம் குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. ஒயின் பீப்பாயிலேயே புளித்துக் காடியாகிவிடும். அல்லது கசந்துவிடும். வெளிநாடு அனுப்பினால் வழியிலேயே கெட்டுப் போகும். இதற்கு வழி காணும்படி 1863-ல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார்.

மருந்து எதையும் கலக்கவில்லை பாஸ்டர். காற்றுப் புகாமல் மூடி, 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் போதும் என்று கண்டார். கொதிக்க வைத்தால் ஒயின் பாழாகும். இந்த இளஞ்சூட்டில் கிருமி சாகும், ஒயின் பிழைக்கும்.

வியாபாரிகள் நம்பவில்லை. சூடாக்கினால் ருசி போய்விடும் என்றார்கள். ருசி பார்ப்பதில் தேர்ந்தவர்களைக் கூப்பிட்டார் பாஸ்டர். சூடாக்கியது, சூடாக்காதது என்று இரண்டு இரண்டு கோப்பைகளாகக் கொடுத்தார். ஒரு முறை இரண்டு கோப்பையிலும் ஒரே ஒயினை ஊற்றி நீட்டினார். அதிலும் அவர்கள் வித்தியாசம் கண்டுபிடித்துச் சொன்னார்கள்! வியாபாரிகளின் பயம் எவ்வளவு தூரம் மனப்பிரமை என்பது அன்று தெரிந்துபோயிற்று.

இந்த முறைக்கு 1865-ல் காப்புரிமை பெற்றார். பிறகு எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். இன்று பால் பாக்கெட்டில் பாஸ்சரைஸ் செய்யப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறதே, அது இவர் பெயர்தான்.

வீட்டில் இடி மேல் இடி

அந்த ஆண்டுகளில் பாஸ்டரின் வீடு துக்க வீடாக இருந்தது. மூத்த மகள் ஜான் 1859-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். 1865-ல் இரண்டு வயதுக் குழந்தை கமீல் போய்விட்டது. மறு ஆண்டே செசீல் என்ற மகளும் டைபாய்டுக்குப் பலியானாள். ஐந்து குழந்தைகளில் மூன்று போய்விட்டன.

1868-ல் பக்கவாதம் தாக்கியது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போது அவருக்கு வயது 45. இனி எழ மாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் எழுந்தார். காலை இழுத்து இழுத்து நடந்து சோதனைச் சாலைக்குப் போனார்.

பீரும் பனிக்கட்டியும்

1870-ல் ஜெர்மானியரோடு நடந்த போரில் பிரான்சு தோற்றது. ஜெர்மன் பீரைவிடச் சிறந்த பீரைப் பிரான்சு செய்ய வேண்டும் என்று பாஸ்டருக்கு வைராக்கியம் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பீர் அவ்வளவாகப் பிடிக்காது!

1871-ல் லண்டனில் ஒரு பெரிய பீர் ஆலைக்குப் போனார். அங்கே மைக்ராஸ்கோப்பே இல்லை. ஈஸ்டைச் சோதித்து, பீரில் கோளாறு இருப்பதைச் சொன்னார். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது, ஆலைக்காரர்கள் புதிய மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள்.

பீருக்கு உதவும் ஈஸ்ட் இரண்டு வகை. ஒன்று 20 டிகிரிச் சூட்டை ஒட்டி வேகமாக வேலை செய்யும். நுரையோடு மேலே மிதக்கும். மற்றது 10 டிகிரிக்கும் கீழான குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் தங்கும். ஜெர்மானியர் இந்த இரண்டாவது வகைக்காக ஏராளமான பனிக்கட்டி செலவழித்தார்கள். அந்தக் குளிரில் கெட்ட கிருமி பெருகாது. ஈஸ்ட் மட்டும் வேலை செய்யும். ரகசியம் அவ்வளவுதான் என்று விளக்கினார் பாஸ்டர். 1876-ல் இதையெல்லாம் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் சறுக்கிய இடம்

புளிப்பதற்கு உயிருள்ள ஈஸ்ட் இருந்தே ஆகவேண்டும் என்பது பாஸ்டரின் முடிவு. உயிர் இல்லாமலும் நடக்கலாம் என்று அவருடைய நண்பர் கிளாட் பெர்னார் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அவர் 1878-ல் இறந்த பிறகு அந்தக் குறிப்பு வெளிவந்தது. பாஸ்டருக்குக் கோபம் வந்தது. இறந்த நண்பரையும் விடாமல் மறுத்து எழுதினார்.

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலமானார். இரண்டே ஆண்டில், 1897-ல், பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்தார். சாற்றில் உயிர் இல்லை. ஆனால் சர்க்கரை போட்டதும் குமிழி வந்தது! ஈஸ்டுக்குள் இருக்கும் நொதிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்று தெரிந்தது. பூக்னருக்கு 1907-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நொதிகள் புரதங்கள். முட்டையின் வெள்ளைக் கருவும் புரதம்தான். சூடு ஏறினால் அது கட்டியாகிறது. ஆற வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஈஸ்டை உயிரோடு வைத்திருக்கும் புரதங்களும் சூடு மிஞ்சினால் இப்படித்தான் கெட்டுப் போகின்றன.

பாஸ்டர் காணாத அதிசயம்

இன்று விஞ்ஞானிகள் ஈஸ்டுக்குள் வேறு உயிரின் மரபணுவைப் புகுத்துகிறார்கள். கல்லீரலைத் தாக்கும் பி வகைக் காமாலைக் கிருமியின் மேலுறைப் புரதத்தை ஈஸ்டைக் கொண்டே செய்ய வைத்தார்கள். அதிலிருந்து செய்த தடுப்பூசிக்கு 1986-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சர்க்கரை நோய்க்கான இன்சுலினையும் ஈஸ்ட் செய்து தருகிறது.

இங்கேயும் சூடுதான் பிரச்சினை. ரொட்டி ஈஸ்ட் 30 டிகிரியில் சுகமாக வளரும். சூடு அதிகமானால், அவசரத்தில் செய்த புரதம் சரியாக மடியாமல் வீணாகும். ஈஸ்டும் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே சக்தியைச் செலவழிக்கும். குளிர்வித்தால் வேலை மெதுவாக நடக்கும்; ஆனால் பல புரதங்கள் ஒழுங்காக உருவாகும். இதற்கென்று வளர்க்கும் இன்னொரு வகை ஈஸ்டை முதலில் 30 டிகிரியில் பெருக விட்டு, பிறகு 20 அல்லது 25 டிகிரிக்கு இறக்கினால் நல்ல புரதம் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. மிகவும் குளிர்ந்தால் எல்லாமே நின்றுவிடும்.

எல்லாப் புரதத்துக்கும் ஒரே கணக்கு இல்லை. எதற்கு எத்தனை டிகிரி என்பதை, தொட்டி தொட்டியாக வைத்துப் பார்த்துத்தான் இன்றும் கண்டுபிடிக்கிறார்கள்.