வெப்பம் உணர்த்திய வளைவு

கணித அறிஞர் சுப்பராமையா மீனாட்சிசுந்தரம் 1913 ஆம் ஆண்டு திருச்சூரில் பிறந்தவர். பயின்றதும் வளர்ந்ததும் சென்னையில். இலயோலா கல்லூரியில் கணிதச் சிறப்புப் பட்டம் பெற்றபின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி மாணவரானார். இராமானுசன் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த காலத்தில் அங்கே ஹார்டியிடம் கற்றவர் ஆனந்தராவ். முடிவிலாத் தொடர்களின் கூடுதலைக் காணும் கலையில் வல்லவர். மீனாட்சிசுந்தரமும் முதலில் அக்கலையிலேயே தேர்ச்சி பெற்றார்.

அவர் கருத்தைப் புதிய திசைக்குத் திருப்பியவருள் ஒருவர், பிரான்சிலிருந்து 1937 இல் தமிழகம் வந்த அருட்தந்தை சார்லஸ் ராசீன். இவர் பாரிசில் எலீ கார்த்தானின் மாணவர். வளைந்த பரப்பில் ஓரிடத்து அம்புக்குறியை மற்றோரிடத்து அம்புக்குறியோடு எவ்வாறு ஒப்பிடுவது? ஒவ்வொரு புள்ளிக்கும் தொடுதளம் வேறு அன்றோ! அவற்றை இணைக்கும் விதியே 'இணைப்பு' எனப்படும். அதனை விரிவாக வளர்த்தவர்களுள் கார்த்தான் தலைசிறந்தவர். உலக உருண்டையின் வடமுனையில் ஓர் அம்பை வைத்து, திசை பிறழாமல் நிலநடுக்கோட்டுக்கு இறக்கி, அக்கோட்டில் கால்வட்டம் நகர்த்தி, மீண்டும் முனைக்கு ஏற்றிப் பாருங்கள். வழியில் எங்கும் திருப்பாத அம்பு 90 பாகை திரும்பியிருக்கும். பரப்பை விட்டு வெளியேறாமலேயே அதன் வளைவை அறியலாம் என்பதற்கு இது சான்று.

1940 இல் முனைவர் பட்டம் வந்தது, வேலை வரவில்லை. உயர்கணிதத்துக்கெனப் பதவிகள் அரிதாயிருந்த காலம் அது. தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றுவித்து அவர் வாழ்க்கை நடத்தினார். பின்னரே ஆந்திரப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியப் பணி அளித்தது. அப்பணி மேலும் தாமதித்திருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது எது என்பதை, அடுத்து அவர் செய்த ஆய்வே காட்டும்.

1946 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே சுவீடன் நாட்டவரான ஓக்கே பிளேயலுடன் இணைந்து, வளைந்த வெளியில் வெப்பம் பரவும் சமன்பாட்டை ஆராய்ந்தார். பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் இரும்புத் தகட்டைப் பற்றவைப்பதைக் கண்டவர்க்கு இதன் தொடக்கம் எளிதில் விளங்கும். சூடுபட்ட புள்ளியிலிருந்து வெப்பம் நாற்புறமும் படர, அப்புள்ளி குளிர்கிறது. தட்டையான பரப்பில் அது ஒரு கணக்குப்படி குளிரும். பந்தின் பரப்பில் குறித்த ஆரத்துக்குள் அடங்கும் இடம், சமதளத்தில் அடங்குவதைவிடக் குறைவு; ஆதலின் வெப்பம் பரவ இடமின்றிச் சற்றே கூடுதலாகத் தங்கும். குதிரைச் சேணம் போன்ற பரப்பில் இடம் மிகுதி. வெப்பம் விரைந்து அகலும். ஆக, தொடக்கக் கணங்களில் வெப்பம் குறையும் முறையிலேயே வளைவு பதிந்துள்ளது. அதனை ஒரு தொடராக விரித்தெழுதலாம் என்றும், அத்தொடரின் கெழுக்கள் அந்தந்த இடத்து வடிவத்தைப் பொறுத்தே அமையும் என்றும் இருவரும் நிறுவினர். அவ்வெளியின் அதிர்வெண்களைக் கொண்டு ஸீட்டா சார்பு ஒன்றையும் ஆராய்ந்தனர். சென்னையில் கற்ற தொடர்க் கணிதம் இங்கே கைகொடுத்தது என்றே கருதத் தோன்றுகிறது. கட்டுரை 1949 இல் கனடியக் கணித இதழின் முதல் தொகுதியில் வெளிவந்தது.

தாயகம் திரும்பி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கே. சந்திரசேகரனுடன் இணைந்து தொடர்க் கூடுதல் பற்றிய நூலொன்றையும் 1952 இல் வெளியிட்டார். 1968 இல், ஐம்பத்தைந்து வயது நிறையுமுன்னே மறைந்தார்.

மூன்றாண்டுகள் கழிந்தன. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளைஞர் விஜய் குமார் பட்டோடி, அதே வெப்பத் தொடரைக் கையிலெடுத்தார். கெழுக்களில் மலைபோல் குவிந்த உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, வளைவையும் வெளியின் முழு வடிவத்தையும் பிணைக்கும் காஸ்–பொன்னே தேற்றம் எஞ்சுவதை அவர் காட்டினார். 1973 இல் அட்டியா, பாட் என்னும் இரு பெரும் கணித அறிஞர்கள் பட்டோடியுடன் சேர்ந்து அவ்வழியிலேயே சுட்டெண் தேற்றத்தை நிறுவினர். இன்றும் வடிவியலார் அத்தொடரை மீனாட்சிசுந்தரம்–பிளேயல் விரிவு என்றே வழங்குகின்றனர்.