மாணவரின் வீட்டு அடுப்பைக் கவனித்த இமாம்

போடிநாயக்கனூரில் சுப்ஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும் நேரத்தில் ஏலத்தோட்ட ஜீப்புகள் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குச் செல்லும் அந்த வண்டிகளில், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் நாம் தினமும் யாருடைய சட்ட விளக்கங்களின்படி அமல் செய்கிறோமோ, அந்த இமாம்களில் ஒருவரும் இப்படிப் பாடத்திலிருந்து வேலைக்கு இழுக்கப்பட்ட பிள்ளைதான்.

இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் இயற்பெயர் யஃகூப் பின் இப்ராஹீம். ஹிஜ்ரி 113-இல் கூஃபாவில் பிறந்தார். அன்சாரி நபித்தோழர் ஒருவரின் வழித்தோன்றல். வம்சம் பெரியது, வீடோ ஏழை வீடு. இளமையில் இப்னு அபீ லைலா (ரஹ்) அவர்களிடம் படித்தார். பின்னர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட வட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. துணி வெளுப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட பிள்ளை, வழியில் நழுவிப் பாடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாய் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்வார். வேறு அறிவிப்புகளில் தடுத்தவர் தந்தை என்று வருகிறது. அபூ ஹனீஃபாவுக்கு வசதியிருக்கிறது, நமக்கு அன்றாடச் சாப்பாட்டுக்கே உழைக்க வேண்டும் என்று அந்தத் தந்தை எடுத்துச் சொன்னாராம். யார் தடுத்திருந்தாலும், அவரைக் கல்வியின் அருமை தெரியாதவர் என்று பேசும் பயான்களோடு நமக்கு உடன்பாடில்லை. மகனின் கூலி நின்றால் அன்றிரவு அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

பையன் பாடத்துக்கு வருவது குறைந்தது. இமாம் அவனை விசாரித்தார். ஒரு மாணவன் வராததைக் கவனிக்கும் ஆசிரியர் இருந்தார் என்பதே இந்த வரலாற்றில் பெரிய விஷயம் என்போம். யஃகூப் திரும்பி வந்தபோது பிழைப்பையும் பெற்றோருக்குக் கீழ்ப்படிவதையும் காரணமாகச் சொன்னார். இமாம் உபதேசம் எதுவும் செய்யவில்லை. உட்காரும்படி சைகை காட்டினார். எல்லோரும் கலைந்து சென்ற பிறகு ஒரு பையைக் கையில் கொடுத்தார். அதில் 100 திர்ஹம் இருந்தது. தவறாமல் பாடத்துக்கு வர வேண்டும், பணம் தீர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்றார். சிறிது காலத்தில், மாணவர் வாய் திறக்கும் முன்பே, அடுத்த 100 திர்ஹம் வந்தது. பிறகும் அப்படியே வந்துகொண்டிருந்தது. தீர்ந்துவிட்டது என்று தாம் ஒருமுறைகூடச் சொல்ல நேரவில்லை, யாரோ அவருக்குத் தெரிவித்ததைப் போல இருந்தது என்று பிற்காலத்தில் அபூ யூசுஃப் நினைவுகூர்ந்தார்.

இமாம் அபூ ஹனீஃபா பட்டுத் துணி வணிகர். ஆண்டின் லாபத்தைச் சேர்த்து ஆலிம்களுக்கும் மாணவர்களுக்கும் உணவும் உடையும் வாங்கிக் கொடுப்பார். மிச்சத்தைப் பணமாகவே தந்துவிட்டு, தமக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ்வையே புகழுங்கள் என்பார். அவருக்கும் இளமையில் ஒருவர் வழிகாட்டியிருந்தார். கடைத்தெருவுக்குப் போய்வந்த இளைஞரை நிறுத்தி, ஆலிம்களிடம் செல்லத் தூண்டியவர் இமாம் ஷஅபி (ரஹ்).

பணம் கொடுத்ததோடு இமாமின் பொறுப்பு முடியவில்லை. நோயிலிருந்து எழுந்த அபூ யூசுஃப், தாம் தேர்ந்துவிட்டதாக எண்ணித் தனியாகப் பாடம் நடத்தத் தொடங்கினார். இமாம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவரை அனுப்பிக் கேள்வி கேட்கச் செய்தார். துணியை வாங்கிய வெளுப்பவன், வாங்கவேயில்லை என்று மறுக்கிறான், பிறகு வெளுத்த துணியோடு வருகிறான், கூலி உண்டா? உண்டு என்றார் அபூ யூசுஃப். வந்தவர் தவறு என்றார். இல்லை என்றார். அதுவும் தவறு. எழுந்து நேராக ஆசிரியரிடம் வந்தார். மறுப்பதற்கு முன் வெளுத்திருந்தால் உரிமையாளருக்காகச் செய்த வேலை, கூலி உண்டு. பறித்துக்கொண்ட பின் வெளுத்திருந்தால் தனக்காகச் செய்தது, கூலி இல்லை என்று இமாம் விளக்கினார். வெளுப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட பிள்ளைக்கு, வெளுப்பவரை வைத்தே ஒரு பாடம்!

நமது ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் ஜூன் மாதத்தில் கட்டணம் கட்டுகின்றன, நோட்டுப் புத்தகம் வழங்குகின்றன. நல்ல காரியம். உத்தமபாளையத்தில் 1956-இலேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை எழுப்பிய பகுதி இது. ஆனால் ஏலக்காய் எடுப்பு சூடுபிடிப்பது ஆகஸ்டுக்குப் பிறகு. சுற்றுச் சுற்றாகக் குளிர்காலம் வரை நீளும். பிள்ளையை மலைக்கு இழுக்கும் கூலி அப்போதுதான் கண்ணில் படுகிறது. ஜூனில் கொடுத்த நோட்டு அதைத் தடுக்காது. அந்த மாதங்களில் வீட்டுக்கு விழும் துண்டு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, மாதாமாதம் தாயின் கையில் சேர்ப்பிக்க யாராவது இருக்க வேண்டும். தேவையுள்ள குடும்பத்துக்கு ஜகாத்தைக் கையில் உரிமையாக்கிக் கொடுப்பதற்கு நம் மத்ஹபில் தடையேதும் இல்லை. மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காமலும் கொடுக்கலாம்.

ஹிஜ்ரி 150-இல் இமாம் அபூ ஹனீஃபா மறைந்தார். அபூ யூசுஃப் அப்பாஸியர் ஆட்சியில் காஜியானார். ஹாரூன் ரஷீத் காலத்தில் காழில் குழாத் என்னும் தலைமை நீதிபதிப் பதவியை வகித்தார். அப்பெயரை முதன்முதலில் பெற்றவர் அவரே. கலீஃபாவுக்காக எழுதிய கிதாபுல் கராஜில், விவசாயிகள் தாங்கமுடியாத வரியைச் சுமத்தக் கூடாது என்றும், ஆதரவற்ற கைதிகளுக்கு உணவும் உடையும் பொது நிதியிலிருந்து தர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். பசியை அறிந்தவரின் எழுத்து அது.

தம்மிடம் பயின்ற இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களும், தொலைவிலிருந்து வந்து கைச்செலவுக்கின்றித் தவித்த அஸத் பின் ஃபுராத் என்ற மாணவருக்கு, அவர் கேளாமலேயே பணம் அனுப்பிவைத்தார்.

ஹிஜ்ரி 182-இல் பாக்தாதில் அபூ யூசுஃப் மரணப் படுக்கையில் இருந்தார். நலம் விசாரிக்க வந்த மாணவரிடம், ஹஜ்ஜில் கல்லெறிவது நடந்தபடியா, வாகனத்தில் இருந்தபடியா, எது சிறந்தது என்று கேட்டார். இரண்டு விடைகளையும் திருத்தி, எந்த இடத்தில் எது சிறந்தது என்று விளக்கினார். மாணவர் விடைபெற்று வீட்டு வாசலை அடைவதற்குள் உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது.