அறிதுயில் உரைத்த அடிகளார்

செங்கற்பட்டிலிருந்து கடற்கரை நகராகிய மாமல்லபுரத்துக்குச் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம் என்னும் திருத்தலம் உள்ளது. அங்குள்ள மலைக்கு வேதாசலம் என்பதும் ஒரு பெயர். நாகப்பட்டினத்தில் வாழ்ந்த சொக்கநாதர், சின்னம்மை என்னும் இருவரும் மகப்பேறு வேண்டி அம்மலையில் உறையும் இறைவனை வழிபட்டனர். 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் பிறந்த தம் மகனுக்கு வேதாசலம் எனப் பெயரிட்டனர். அம்மகனே பிற்காலத்தில் அப்பெயரைத் தூய தமிழாக்கி மறைமலையடிகள் என விளங்கினார்.

இளமையிலேயே தந்தையை இழந்தமையால் அவரது பள்ளிக்கல்வி இடையில் நின்றது. ஆயினும் கல்வி வேட்கை தணியவில்லை. நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரை அடுத்துத் தமிழ் நூல்களைக் கற்றார். ஆங்கிலமும் வடமொழியும் முயன்று பயின்றார். 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1911-இல் அப்பணியை விட்டு, செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பல்லாவரத்தில் குடியேறினார். நூல்களைத் தொகுப்பதும் கற்பதும் எழுதுவதுமே அவர் வாழ்வாயின.

அந்நாளில் மேலைநாட்டில் மனநூல் என்னும் புதிய அறிவுத்துறை வளர்ந்து வந்தது. ஒருவரை ஒருவகைத் துயில்நிலையில் ஆழ்த்தி, சொல்லால் அவர் உள்ளத்தை வயப்படுத்தும் ஹிப்னாட்டிசம் என்னும் கலை அதில் ஒரு பகுதி. நம் நாட்டிலும் அதனைப் போன்றதொரு முறை கையாளப்பட்டிருந்தது. 1845-இல் வங்காளத்தின் ஊக்ளி நகரில், எசுடெயில் என்னும் மருத்துவர் நோயாளிகளை அந்நிலையில் இருத்தி அறுவை மருத்துவம் செய்தார். குளோரோபாம் என்னும் மயக்க மருந்து வழக்கிற்கு வருமுன் நிகழ்ந்தது இது. எனினும் பொதுமக்கள் பலர் அக்கலையை மாயவித்தையென அஞ்சினர். அன்றேல் ஏமாற்றென இகழ்ந்தனர். அச்சமும் இகழ்ச்சியும் அறிவுக்குத் துணை ஆகா எனக் கண்ட அடிகளார், அப்பொருளைத் தமிழில் விளக்க முற்பட்டார். யோக நித்திரை அல்லது அறிதுயில் என்னும் நூலை 1922-ஆம் ஆண்டிலும், மனிதவசியம் அல்லது மனக்கவர்ச்சி என்னும் நூலை 1927-ஆம் ஆண்டிலும் வெளியிட்டார்.

அறிதுயில் என்பது பழந்தமிழ்ச் சொல். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில், பாம்பணைமேல் திருமால் பள்ளிகொண்டிருக்கும் காட்சியைப் பல்லவச் சிற்பிகள் செதுக்கியுள்ளனர். காலடியில் அசுரர் இருவர் போருக்கு எழுந்து நிற்பினும், திருமாலின் முகத்தில் அமைதி குலையவில்லை. துயில்வது போன்ற தோற்றம். ஆனால் அறிவு உறங்கவில்லை. இதனையே முன்னோர் அறிதுயில் என்றனர். சைவராகிய அடிகளார் அச்சொல்லை மனநூலுக்கு உரியதாக்கினார்.

அச்சொல்லின் பொருத்தம் எண்ணி வியத்தற்குரியது. ஹிப்னாட்டிசம் என்னும் சொல், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அச்சொல்லைப் பரப்பிய பிரெய்டு என்னும் மருத்துவரே, அந்நிலை உறக்கம் அன்றென்று பின்னர் உணர்ந்து, அப்பெயரை மாற்ற விரும்பினார். மூளையின் மின்னலைகளை அளந்த பிற்கால ஆய்வாளரும், அந்நிலை உறக்கத்தினும் விழிப்பையே ஒத்திருக்கக் கண்டனர். உணர்வு அங்கே அழிவதில்லை. கவனம் ஒன்றே குவிகின்றது. அறை முழுதும் பரவிய விளக்கொளியை ஒரு சிறு துளைவழிச் செலுத்தினாற்போல, மனம் ஒரு சொல்லில் நிலைத்து மற்றவற்றை விட்டுவிடுகின்றது. அதனால் சிலர் நோவை மறக்கின்றனர். மறக்குமாறு கூறினால், நிகழ்ந்ததையே மறந்து, பின்பு குறிப்புக் காட்டியவுடன் நினைவுகூர்கின்றனர். எல்லாரும் ஒரே அளவில் இதற்கு வயப்படுவதும் இல்லை.

அடிகளார் நம்பிய அனைத்தையும் இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. தொலைவிலுள்ளதை உள்ளத்தாலேயே உணரலாம் என்னும் பொருள்பற்றி அவர் 1935-இல் ஒரு நூல் எழுதினார். அக்கருத்து ஆய்வுகளால் நிலைநாட்டப்படவில்லை. அறிதுயிலில் வெளிப்படும் நினைவுகள் எல்லாம் உண்மை எனக் கொள்ளுதலும் தவறு. பிறர் சொல்லால் நிகழாததும் நிகழ்ந்ததாக மனத்தில் பதிவதுண்டு. ஆதலின் இக்கலை விளையாட்டுக்கு உரியதன்று. தேர்ந்த மருத்துவர் கையிலேயே நன்மை தருவது.

1950-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் அடிகளார் மறைந்தார். சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே அமைந்த மறைமலைநகர் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தனித்தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டினைப் பலரும் அறிவர். மக்கள் அஞ்சி ஒதுங்கிய ஒரு பொருளை அணுகி ஆராய்ந்ததும், அதனைச் சொல்லத் தமிழில் சொல் உண்டென்று காட்டியதும் அத்தொண்டின் பகுதிகளே. விளங்காத ஒன்றைக் கண்டு அஞ்சாது, ஆராயாத ஒன்றை நம்பிவிடாது, கற்றதைத் தாய்மொழியில் பிறர்க்கு உரைத்தல் மாணவர் மேற்கொள்ளத்தக்க நெறியாகும்.