நூலகப் படிப்புக்குத் தன் சேமிப்பைக் கொடுத்த கணக்கு வாத்தியார்: யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

டிகிரியை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளிடம், லைப்ரரி சயின்ஸ் படிக்கலாமே என்று யாராவது ஒருத்தர் சொல்வதுண்டு. உடனே வீட்டில் மூன்று கேள்விகள் எழும். புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஒரு படிப்பா? அதுக்கு எவ்வளவு செலவாகும்? போட்ட பணம் திரும்ப வருமா?

இந்தக் கேள்விகள் எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவருக்கு வந்தன. அவர் கணக்கு வாத்தியார். நூலகம் என்றாலே அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு அந்தப் படிப்பை இந்தியாவில் நிலைநிறுத்தியவரும் அவர்தான். கடைசியில் அதற்காகத் தன் சேமிப்பையே எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆகஸ்ட் 12ஆம் தேதியை தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோமே, அது இவர் நினைவாகத்தான். சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன்.

சீர்காழியிலிருந்து சென்னைக்கு

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழியில் 1892இல் பிறந்தார் ரங்கநாதன். ஆறு வயசு இருக்கும்போதே அப்பா ராமாமிர்த ஐயர் இறந்துவிட்டார். வசதியான குடும்பம் இல்லை. படிப்பு ஒன்றுதான் வழி என்ற நிலைமை.

பள்ளிப்படிப்பு சீர்காழியில். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கணிதத்தில் 1913இல் பி.ஏ., 1916இல் எம்.ஏ. முடித்தார். எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்கு அங்கே குருவாக அமைந்தார். அடுத்து சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. பேச்சில் அவருக்குத் திக்கு உண்டு. அதை விடாமுயற்சியால் பெரும்பாலும் கட்டுக்குள் கொண்டுவந்து, வகுப்பு எடுக்கும் தொழிலுக்கே வந்துவிட்டார்.

1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களுக்குப் பிடித்த ஆசிரியர். ஆனால் அந்தக் காலத்து இளம் விரிவுரையாளர் சம்பளம் என்பது குடும்பத்தை இழுத்துப் பிடித்து ஓட்டும் அளவுக்குத்தான் இருந்தது.

விருப்பமில்லாமல் வந்த வேலை

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு முழுநேர நூலகர் பதவி ஒன்றை அறிவித்தது. சம்பளம் நன்றாக இருந்தது. கூட வேலை செய்தவர்கள் வற்புறுத்தவே ரங்கநாதனும் ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தார். போட்டதையே மறந்தும்போனார்.

சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இதில் ஒருவர்கூட நூலகத்துறையில் முறையாகப் பயிற்சி பெற்றவர் இல்லை. நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு, கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றி இருந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் ரங்கநாதன். அவ்வளவுதான் அவருக்கு அப்போது அந்தத் துறை பற்றித் தெரிந்தது. கணிதத்தில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தது கைகொடுத்தது. வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே வெறுத்துப்போனது. வகுப்பில் மாணவர்கள் நடுவே இருந்து பழகியவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது தண்டனை மாதிரி இருந்தது. பழைய கல்லூரி வேலைக்கே போகிறேன் என்று கேட்டார்.

பல்கலைக்கழகம் ஒரு சமரசம் செய்தது. லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கல்லூரிக்கே திரும்பலாம் என்றது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்திய நூலகவியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர், அந்தப் படிப்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை முதலில் வந்தது, படிப்பு பின்னால் வந்தது. அவரை அனுப்பிப் படிக்க வைத்ததும் அவர் வேலை பார்த்த நிறுவனமே.

லண்டனில் என்ன நடந்தது?

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் 1919இல் தொடங்கப்பட்ட நூலகவியல் பள்ளி இருந்தது. பிரிட்டனில் பல்கலைக்கழக அளவில் இந்தப் படிப்புக்கு இருந்த இடம் அதுதான். அங்கே வகைப்படுத்தல் பாடம் எடுத்தவர் குராய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸ்.

ரங்கநாதனுக்கு வகுப்பைவிட வெளியில் பார்த்தவைதான் கண்ணைத் திறந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகள், தொழிலாளிகள், வீட்டுப் பெண்கள் என்று எல்லாத் தரப்பினரும் வந்து போகும் இடமாக அங்கே நூலகம் இருந்தது. நம்ம ஊரில் அப்படி இல்லையே என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது. பிடிக்காத வேலை, செய்தே ஆகவேண்டிய வேலையாக மாறியது அங்கேதான்.

இன்னொன்றும் நடந்தது. லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை இயக்கிக் காட்டினார்கள். துளை போட்ட உலோகப் பட்டைகள், திருகுகள், சக்கரங்கள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை கிரேன், இன்னொரு தடவை வண்டி. அறிவுத்துறைகளையும் இப்படிப் பூட்டலாமே என்று கணக்கு மூளைக்குப் பொறி தட்டியது.

அப்போது உலகம் முழுக்கப் பரவியிருந்த டியூயி முறையில், ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத புதுப் பொருளில் ஒரு புத்தகம் வந்தால் திண்டாட்டம்தான். ரங்கநாதன் யோசித்தது வேறு. நுரையீரல், காசநோய், சிகிச்சை, இந்தியா, 1950கள் என்று ஒரு புத்தகத்தின் பொருளைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, அவற்றை ஒழுங்காகக் கோத்து எண் உருவாக்குவது. கோப்பதற்கு முக்காற்புள்ளி என்ற குறியைப் பயன்படுத்தினார். அதனால்தான் இதற்கு கோலன் பகுப்பு முறை என்று பெயர். 1933இல் புத்தகமாக வந்தது.

இன்றைக்கு ஆன்லைனில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, விலை என்று தனித்தனியாகத் தட்டி வடிகட்டுகிறோம் இல்லையா? ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துத் தேடும் இந்த வழியின் அடிப்படைச் சிந்தனையை, கணினி வருவதற்கு முன்பே நூலகத்தில் செய்துகாட்டியவர் ரங்கநாதன்.

ஐந்து விதிகள் என்ன சொல்கின்றன?

1925இல் திரும்பி வந்தவர், கல்லூரிக்குப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த 20 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகமே கதி என்று கிடந்தார். அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகர்களே போய் எடுத்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். 1936இல் மெரினா கடற்கரை எதிரே நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது.

1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களின் முதல் பாடம். சுருக்கமாகச் சொன்னால் இப்படி: பூட்டிவைக்க அல்ல, பயன்படுத்தத்தான் நூல்கள் இருக்கின்றன. படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டியது கிடைக்க வேண்டும். அலமாரியில் கிடக்கும் ஒவ்வொரு நூலையும் அதற்குரியவர் கையில் சேர்க்க வேண்டும். வருகிறவரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே போகும் உயிர்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கூலி வேலை செய்பவரும் பெண்களும் கிராமத்துக்காரர்களும் படிக்க வரலாமா என்றே யோசித்த காலம் அது. எல்லாருக்கும் புத்தகம் என்பது அன்றைக்குச் சாதாரணப் பேச்சு இல்லை. அதே 1931இல்தான் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன நடமாடும் நூலகம் கிளம்பியது.

படிப்பு எப்படி உருவானது?

நூலகம் வளர்ந்தால் அதை நடத்த ஆள் வேண்டும். ஒவ்வொருவரையும் லண்டனுக்கு அனுப்ப முடியுமா? யார் செலவு செய்வது?

இந்தியாவில் நூலகப் பயிற்சி அதற்கு முன்பு இல்லாமல் இல்லை. பரோடா சமஸ்தானத்தில் 1911இல் அமெரிக்கரான போர்டன் ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் டிக்கின்சன் என்ற இன்னோர் அமெரிக்கர் தொடங்கினார். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. ரங்கநாதன் அதன் செயலாளர். அடுத்த வருஷமே சங்கத்தின் பெயரில் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி. விடுமுறையில் நடத்தினால் வேலையில் இருக்கிறவர்களும் வந்து படிக்க முடியும், சம்பளத்தை இழக்க வேண்டாம். 1931இல் அந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. 1930களின் இறுதிக்குள் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளமோவாக வளர்ந்தது. எந்தப் பட்டம் பெற்றவரும் ஒரு வருஷம் படித்து நூலகர் ஆகலாம் என்று இன்றைக்கு பி.லிப். படிப்பு இருக்கும் அமைப்புக்கு முன்னோடி இதுதான்.

1945இல் சென்னையை விட்டு விலகினார். ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்களைத் தனியொரு ஆளாக வகைப்படுத்தினார். பிறகு 1947இல் டெல்லிப் பல்கலைக்கழகம். முதுநிலைப் பட்டம், முனைவர் ஆய்வு என்று நூலகவியல் அங்கே மேலே ஏறியது. மற்ற துறைகளைப் போல இதுவும் ஒரு முழுப் படிப்புதான் என்று நிலைத்தது.

வீட்டு வரி ரசீதில் இருக்கும் ரங்கநாதன்

படித்து முடித்தவருக்கு வேலை வேண்டுமே? ஊருக்கு ஊர் நூலகம் இருந்தால்தான் நூலகருக்கு வேலை. அதற்குச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வரைவுகளை எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்களே, அது இந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும்.

ஒரு லட்சம் ரூபாய்

ரங்கநாதனின் முதல் மனைவி ருக்மிணி 1928இல் ஒரு விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். இரவு பகல் பார்க்காமல் நூலகமே கதி என்று இருந்தவரின் வீட்டைச் சுமந்தவர் சாரதாதான்.

எளிமையான வாழ்க்கை. கதர் உடை, சிக்கனமான வீடு. அப்படிச் சேர்ந்த ஒரு லட்சம் ரூபாயை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அப்படியே கொடுத்தார். நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டும் என்பதற்காக. பதவிக்குத் தன் பெயரை வைக்கவில்லை. சாரதா ரங்கநாதன் பேராசிரியர் பதவி என்று மனைவி பெயர் வந்தது. ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்றைக்குச் சம்பளக்காரர் ஒருவருக்கு வாழ்நாள் சேமிப்பு.

1957இல் பத்மஸ்ரீ. 1962இல் பெங்களூருவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூருவில் காலமானார்.

இன்று படிக்க நினைப்பவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

முதல் விஷயம், இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பொதுவாக ஒரு டிகிரிக்குப் பிறகு பி.லிப். ஒரு வருஷம், எம்.லிப். இன்னொரு வருஷம். இரண்டையும் சேர்த்து இரண்டு ஆண்டு எம்.லிப். நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. வேலையில் இருப்பவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ போன்றவற்றில் தொலைநிலையில் படிக்கலாம். ரங்கநாதனின் கோடைப் பள்ளி செய்த அதே வேலைதான் இது. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, அவர் தொடங்கிய பெங்களூரு மையம் இன்றும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போனவர்களுக்கு மாத உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைக்கும் மரபு அங்கே உண்டு. சேரும் ஆண்டின் கையேட்டைப் பார்த்து விதிமுறைகளை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, எதற்காகப் படிக்கிறோம் என்பது. கல்லூரி நூலகர் பணிக்கு முதுநிலைப் பட்டத்தோடு நெட் அல்லது செட் தேர்ச்சி பொதுவாகக் கேட்பார்கள். அதனால் பி.லிப். மட்டும் முடித்துவிட்டு அந்த வேலையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாடத்திட்டத்தில் நூலக மென்பொருள், மின்னிதழ், தரவு மேலாண்மை எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டி காலத்துப் பாடத்துக்கு இன்றைய பணத்தைக் கொடுக்கக் கூடாது.

சரி, போட்ட பணம் திரும்ப வருமா? வேலைவாய்ப்பு அறிவிப்பு எப்போது வரும் என்பதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ரங்கநாதன் கணக்கிலும் அது நிச்சயமாக இருக்கவில்லை. அதனால்தான் படிப்பை மட்டும் உருவாக்கி விட்டுவிடாமல், பயிற்சி, சங்கம், சட்டம், வரி என்று நான்கையும் சேர்த்தே கட்டினார். நூலகங்கள் நடந்தால்தான் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு. அதற்கான பணத்தில் ஒரு பங்கு, படித்தவர் படிக்காதவர் எல்லார் வீட்டு வரியிலிருந்தும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.